மார்க் இல்லாத புடவை

சேங்கொட்டைக்கு ஆள் தெரியும் என்பார் அம்மாசி. யாரை விட்டுவைக்கலாம், யாரைக் கடிக்கலாம் என்று அதற்குத் தெரியுமாம். "என்னைத் தெரியும். எங்க நைனாவத் தெரியும். அதான் எங்க கைல ஒண்ணும் பண்ணாம கம்முனு கீது" என்று கையை விரித்துக் காட்டுவார். உள்ளங்கை இரண்டும் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். வலது கை ஆள்காட்டி விரல் நுனி மட்டும் கன்னங்கரேல். நாற்பது வருஷத்துச் சேங்கொட்டைக் கறை அது. எந்தச் சவுக்காரத்துக்கும் மசியாத கறை.

அந்தக் கறைதான் பிழைப்பு. அம்மாசி டோபி. கோட்டூர்புரத்தில் அடையாற்றுக் கரையோரம் அவருக்கென்று ஒரு துவைக்கிற கல், மேட்டில் ஒரு குடிசை, பக்கத்திலேயே வெள்ளாவி அடுப்பு. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலுமாக நூற்று அறுபது வீட்டுத் துணி. மனிதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? நூற்று அறுபது வீட்டுக்கும் நூற்று அறுபது மார்க் தலைக்குள் இருந்தது. லஸ் வக்கீல் வீட்டுக்கு மூன்று புள்ளி. மாட வீதிப் பாத்திரக்கடைக்காரர் வீட்டுக்கு இரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு. கோடம்பாக்கம் ஸ்டுடியோவில் துணி தைக்கிற குலாம் முகம்மது வீட்டுக்குக் காக்காய்க்கால். சேங்கொட்டையை லேசாக அனலில் காட்டி ஊசியால் குத்தினால் தார் மாதிரி எண்ணெய் கசியும். அதைத் தொட்டு வேட்டி முனையிலோ சட்டைக் கழுத்தின் உள்பக்கத்திலோ மார்க் வைத்து, மேலே துளி சுண்ணாம்பு தடவினால் தீர்ந்தது. துணி நைந்து கரித்துணி ஆனாலும் மார்க் அப்படியே இருக்கும்.

கொட்டைகள் ஒரு தகர டப்பாவில், குடிசைக்கு வெளியே, கூரை விளிம்பில் தொங்கும். உள்ளே வரக்கூடாது. அது அம்மாசியின் நைனா போட்ட சட்டம். பெண்டுகள் அந்த டப்பாவைத் தொடவும் கூடாது. டோபி வீட்டுத் துணிக்கு மார்க்கும் கிடையாது. நம்ம துணி நமக்குத் தெரியாதா என்ன!

அவர் மனைவி சுந்தரவல்லி, வல்லி, கல்யாணமாகி வந்து முப்பது வருஷம் அந்த டப்பாவுக்குக் கீழேதான் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வெள்ளாவி அவளுடைய ராஜ்யம். உவர்மண்ணில் பிசைந்த துணியைப் பானைமேல் அடுக்கி, விறகு தள்ளி, ஆவியில் முகம் வேக நிற்பாள். ஊர்த் துணியெல்லாம் முடிந்து வெளிச்சம் மங்குகிற நேரத்தில், மிச்சமிருக்கிற சவுக்காரத் தண்ணீரில் தன் புடவையைத் தானே அலசிப் போட்டுக்கொள்வாள். அம்மாசி கையில் கொடுக்கமாட்டாள். "ஊரு துணிய தோச்சி தோச்சி இடுப்பு ஒட்ஞ்சி கீது உனக்கு. என்னுத நான் பாத்துக்கறேன், நீ போய் துன்னு மாமா" என்பாள். பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு நாள் அம்மாசி மூட்டையோடு லஸ் வக்கீல் வீட்டுக்குப் போனார். வக்கீலின் சம்சாரம் சீதா மாமி வாசலிலேயே நிற்கிறாள். நல்ல சுபாவம், குரலை உயர்த்தித் தெரியாது. அன்றைக்கு உயர்த்தினாள்.

"அம்மாசி, இங்க வா. கொழந்தை கழுத்தைப் பாரு."

நாலு வயதுப் பெண் குழந்தை. அழுது அழுது முகம் சிவந்திருந்தது. பின்கழுத்து தடித்து வீங்கி, அதன் நடுவில் மூன்று கொப்புளம். வரிசையாக, ஒரே இடைவெளியில். அந்த மூன்றையும் அவருக்குத் தெரியும். அவர் விரல் வைத்த மூன்று.

"புதுச் சட்டைக்கு நேத்திக்குத்தானே தோய்க்காம மார்க் மட்டும் போட்டுக் குடுத்தே? கொழந்தை அதைப் போட்டுண்டு அரை நாள் ஆகலை. டாக்டர் பாத்த உடனே, இது டோபி மார்க்குன்னுட்டார். சில பேருக்குத் தோல் தாங்காதாம். இனிமே எங்காத்துல யார் துணிக்கும் அந்தக் கொட்டை வேண்டாம்ப்பா, சொல்லிட்டேன்."

அம்மாசி தலையாட்டிவிட்டு மூட்டையைத் தூக்கினார். அன்றிலிருந்து வக்கீல் வீட்டுத் துணிக்குச் சிவப்பு நூலில் ஒரு தையல். மற்ற நூற்று ஐம்பத்தொன்பது வீட்டுக்கும் கொட்டைதான். ஒரு குழந்தைக்காக உலகத்தை மாற்றமுடியுமா!

வீட்டுக்கு வந்து வல்லியிடம் சொன்னார். "பாவம் வல்லி, பால் மணம் மாறாத கொழந்த. அதுக்கு அந்தப் பாப்பாவத் தெர்ல. அதான் கட்ச்சிட்ச்சி."

வல்லி விறகு தள்ளிக்கொண்டே கேட்டாள். "என்னைத் தெரியுமா மாமா அதுக்கு?"

அம்மாசி சிரித்தார். "இன்னாடி கேள்வி இது? நீ எம் பொண்டாட்டி. உன்னத் தெரியாம பூடுமா?"

பெரிய ஜோக் மாதிரி இருவரும் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அம்மாசியின் முழங்கால் மக்கர் செய்தது. நாற்பது வருஷம் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் முழங்கால் என்ன மரக்கட்டையா? சைக்கிளிலிருந்து இறங்க ஒரு காலைத் தூக்கினால் உயிர் போய் உயிர் வரும். பனகல் பார்க்குக்குப் பின்னால் நல்லசிவம் என்ற சித்த வைத்தியர் இருந்தார். திருநெல்வேலிக்காரர். அவர் வேட்டிக்கு ஒரு பெருக்கல் குறி. வெளுத்த வேட்டியைக் கொடுக்கப்போன அம்மாசி வாசற்படி ஏறமுடியாமல் நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

"என்னய்யா, நொண்டி நொண்டி வாறே? உள்ள வந்து உக்காரு."

காலை அமுக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். கடைசியில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடியை எடுத்து எதிரே வைத்தார். உள்ளே கறுப்பாக லேகியம்.

"இது என்ன தெரியுமா? உன் கூட்டாளிதான். சேங்கொட்டை."

அம்மாசி ஆடிப்போனார். "சாமி, இத்தப் போய் துன்னுவாங்களா?"

"சும்மா தின்னா செத்துப்போவே. கொட்டையோட மூக்கை அறுத்து, வேக வச்சு, கழுவி, பல நாள் அதோட மல்லுக்கட்டி, விஷத்தை எறக்கணும். எங்க ஐயா காலத்துலேருந்து செய்யிதோம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. எறக்கின பிறகும் அது சேங்கொட்டைதான். எல்லா உடம்புக்கும் ஒத்துக்காது. முதல்ல தொட்டுப் பாக்கணும்."

முழங்கையின் உள்பக்கத்தில் பொட்டளவு தடவினார். மூன்று நாள் கழித்து வரச்சொன்னார். அம்மாசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சாமி, நாப்பது வர்ஷமா இதுல கை வச்சிக்கினு கீறன். எனக்கா ஒத்துக்காது?"

"சிரிக்காதே. யாரா இருந்தாலும் மூணு நாள்."

மூன்று நாள் ஆயிற்று. கையில் ஒரு சிவப்பு கூட இல்லை. அதற்கப்புறம்தான் ஜாடியைக் கொடுத்தார். காலையில் சுண்டைக்காய் அளவு. நாற்பத்தெட்டு நாளும் வெயில் கூடாது, நெருப்புக் கிட்டே போகக்கூடாது, புளி கூடாது. பால் சோறுதான். உடம்பில் எது மாறினாலும் உடனே நிறுத்திவிட்டு ஓடிவா என்றார்.

வல்லி அந்த நாட்களில் இரண்டு ஆளாக நின்றாள். துவைக்கிற கல்லும் அவள், வெள்ளாவியும் அவள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மயிலாப்பூருக்குப் போய்வந்ததும் அவள். அம்மாசி குடிசை நிழலில் ராஜா மாதிரி உட்கார்ந்து பால் சோறு சாப்பிட்டார். முப்பதாவது நாள் எழுந்து நடந்தார். முப்பத்திரண்டாவது நாள் சைக்கிள் ஏறினார். "போதும், கொட்டை தன் வேலைய முட்ச்சிட்ச்சி" என்று மருந்தை நிறுத்திவிட்டார். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதைத் துணி கட்டி மூடி, குடிசைக்குள், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவு மரியாதை!

நைனா போட்ட சட்டம் ஒருத்தருக்கும் நினைவில்லை. தகர டப்பா வெளியே தொங்கியது. அதே கொட்டை ஜாடியில் ஏறி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

எழுபத்து நாலு, ஐப்பசி. தீபாவளித் துணி மலை மாதிரி வந்து போனது. அது முடிந்த கையோடு வல்லி வெள்ளாவி அடுப்படியில் உட்கார்ந்தவள் எழமுடியாமல் போனாள். முழங்கால் இரண்டும் பந்து மாதிரி. அம்மாசி வைத்தியர் வீட்டுக்கு ஓடினார். கதவு பூட்டியிருந்தது. மகள் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருக்கிறார், வர மூன்று வாரமாகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மூன்று வாரம்! வல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருப்பதா? திரும்பி வந்த அம்மாசியின் கண் நேராகச் சாமி படத்துக்குப் பக்கத்தில் போயிற்று.

"வைத்தியரு வரட்டுமே மாமா" என்றாள் வல்லி.

"அவரு வந்து இன்னா குடுப்பாரு? இதே ஜாடியத்தான் குடுப்பாரு. அவரு கையால செஞ்ச மருந்து. நான் துன்னு எய்ந்து நட்ந்தத நீயே பாத்தியா இல்லியா?"

பார்த்தாள்தான். அதற்குமேல் அவள் என்ன சொல்வாள்?

அம்மாசி ஒன்றையும் விடவில்லை. வைத்தியர் சொன்ன பத்தியத்தை அவரைவிடக் கறாராக நடத்தினார். வல்லியை அடுப்புப் பக்கமே விடவில்லை. வாசலில் கோணி கட்டி வெயிலை மறைத்தார். பாலுக்கு அலைந்தார். புளி டப்பாவைப் பக்கத்துக் குடிசையில் கொடுத்துவிட்டார். வெள்ளாவியில் தானே நின்று புருவம் பொசுக்கிக்கொண்டார். அந்த மனுஷன் பெண்டாட்டிமேல் வைத்திருந்த பிரியத்துக்கு அளவே இல்லை, அதில் யாரும் குறை சொல்லமுடியாது. ஒன்றே ஒன்றைத்தான் செய்யவில்லை. தொட்டுப் பார்க்கவில்லை. நினைவு வந்தது, வந்தபோது சிரித்துக்கொண்டார். டோபி பொண்டாட்டிக்குச் சேங்கொட்டை ஒத்துக்குமா என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்ப்பதா? கேட்டால் ஊரே சிரிக்கும்!

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் உதடு அரிக்கிறது என்றாள். மூன்றாம் நாள் காலை வாய்க்குள் எரிகிறது, பால் கூட இறங்கவில்லை என்றாள். கண்ணிமை லேசாகத் தடித்திருந்தது.

"கெட்டது வெளிய வருது வல்லி. மருந்து வேலை செய்யுது. இப்ப நிறுத்தக்கூடாது."

அவரே உருட்டி, அவரே நாக்கில் வைத்தார். கறுத்த அந்த ஆள்காட்டி விரலால்.

நாலாம் நாள் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. கழுத்து, நெஞ்சு, தொடை என்று கொப்புளம். அப்போதும் அம்மாசிக்கு ஜாடிமேல் சந்தேகம் வரவில்லை. முந்தின வாரம் பட்டினப்பாக்கத்து மீன்காரி கொடுத்த கருவாட்டைத்தான் திட்டினார். "அப்பவே சொன்னேன், அது வீச்சம் அடிக்குதுன்னு. கேட்டியா நீ?" என்று அவளையும் திட்டினார். பயம் வந்துவிட்டால் அவருக்குக் கோபமாகத்தான் வரும். அன்றைக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்.

ஐந்தாம் நாள் அவள் சிறுநீர் கரி கரைத்த தண்ணீர் மாதிரி போயிற்று. அம்மாசி அதைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷா கூப்பிட எழுந்தார். வல்லி கண் திறக்காமலே சொன்னாள், மெதுவாக, குற்றம் சொல்கிற மாதிரியே இல்லாமல்.

"மாமா, அதுக்கு என்னைத் தெர்ல போல கீது."

ரிக்‌ஷாவில் மடியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு சின்ன வயது டாக்டர் பார்த்தார். புடவையை மாற்றி, ஆஸ்பத்திரித் துணி போட்டு, ஏதேதோ ஊசி போட்டார்கள். "என்ன சாப்பிட்டாங்க? நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஒரு தரமில்லை, இரண்டு தரம் கேட்டார்.

"கருவாடு சார்" என்றார் அம்மாசி. பொய் சொல்லவில்லை. மருந்து ஒருத்தரைக் கொல்லும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தன்னை எழுப்பி நடக்கவிட்ட ஜாடி அது. அதைப் போய் டாக்டரிடம் காட்டிக்கொடுப்பதா என்று மனசின் ஒரு மூலையில் இருந்தது. அதுவும் உண்மைதான்.

இரண்டு நாள் போயிற்று. வல்லிக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் நல்லசிவம் வைத்தியர் வந்தார். சொன்ன நாளுக்கு முன்பே ஊரிலிருந்து வந்து இறங்கினதும், டோபி சம்சாரம் ஆஸ்பத்திரியில் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் வந்துவிட்டார். கட்டிலைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"ஜாடியைக் கொடுத்தியா?"

"குட்த்தேன் சாமி."

"தொட்டுப் பாத்தியா?"

அம்மாசி வல்லியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"கேக்கேனே, தொட்டுப் பாத்தியாய்யா?"

"முப்பது வர்ஷமா மார்க் போட்ட துணியத்தான் சாமி தோச்சிக்கினு கீறா. எத்தினி ஆயிரம் துணி! அவளுக்கா ஒத்துக்காது?"

வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவி மனுஷா! சுண்ணாம்பு பட்டு வெள்ளாவியில வெந்த மார்க்குல என்ன இருக்கு? அது வெறும் கறை. பச்சைக் கொட்டைய அவ ஒரு நாளாவது தொட்டிருக்காளா?"

"பொம்பளைங்க தொடக்கூடாதுங்க" என்றார் அம்மாசி. சொல்லி முடித்தபோதுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

சீதா மாமி வீட்டுக் குழந்தையின் கழுத்து கண்முன் வந்தது. மூன்று புள்ளி, மூன்று கொப்புளம். அப்போதே கொட்டை அவரிடம் சொல்லியிருக்கிறது. வைத்தியரும் சொன்னார். வல்லியும் கேட்டாள், என்னைத் தெரியுமா என்று. எல்லாரும் சொன்னார்கள். அவர்தான் சிரித்தார்.

வைத்தியரே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கத்தவில்லை. "முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் போனார். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா, யாருக்குத் தெரியும்? மறுநாள் பொழுது சாய வல்லி போய்விட்டாள்.

அம்மாசி அழவில்லை. அவள் கட்டிக்கொண்டு வந்த புடவையைக் கேட்டார். அதிலேயே அவளைக் கொண்டுபோக வேண்டும் என்றார். வார்டு ஆயா ஜைதூன் பீ, நல்ல மனுஷி, பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். தரையில் ஒரு குவியல்.

"கொப்புளம் வந்த பேஷண்டுங்க துணில்லாம் ஒண்ணா சோடா போட்டு வேவ வச்சாச்சு அண்ணாத்தே. அதுல சாயம் போய்க்கீது. உன்னுத எதுன்னு பாத்து எடுத்துக்கோ."

அம்மாசி குந்தி உட்கார்ந்தார். கை தானாக முந்தானை முனையைத் திருப்பியது. இரண்டு கோடு, சைதாப்பேட்டை டோபியின் மார்க். தள்ளினார். வட்டத்துக்குள் புள்ளி, மந்தைவெளி. தள்ளினார். இப்படியே தள்ளித் தள்ளிக் கடைசியில் மார்க் இல்லாத புடவைகள் எட்டு மிஞ்சின. ஏழு, டோபிக்குப் போட வக்கில்லாத வீட்டுப் புடவை; ஒன்று, டோபி வீட்டுப் புடவை. எல்லாம் நூல் புடவை, எல்லாம் வெளிறிப்போனவை.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். சோடா வாசனைதான் வந்தது. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"இன்னா கலரு அது? கிழிசல், தையல், எதுனா அடையாளம் கீதா?" என்றாள் ஜைதூன் பீ.

அம்மாசி யோசித்தார். ரிக்‌ஷாவில் மடியில் கிடந்தாளே, அன்றைக்கு என்ன நிறம்? ஊதாவா, பச்சையா? அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் முப்பது வருஷம் அவள் புடவையைக் கையில் வாங்கினதே இல்லை.

"தெர்ல மா" என்றார். "அவளே தோச்சிப்பா. நூத்தி அறுவது வூட்டு துணி எனக்குத் தெரியும் மா. எம் பொண்டாட்டிய எனக்குத் தெர்ல."

அப்போதுதான் அழுகை வந்தது. ஜைதூன் பீ பக்கத்தில் உட்கார்ந்து எட்டுப் புடவையையும் ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.